ஓரியின் அம்பு எங்கே நின்றது?

ஐந்தாவது விலங்கு உடும்பு. யானை, புலி, மான், பன்றி என்று அடுக்கிக்கொண்டே போய், கடைசியில் ஏன் ஓர் உடும்பு? கொல்லிமலை அரசன் வல்வில் ஓரியின் ஒற்றை அம்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் யானையில் ஆரம்பித்து யானையிலேயே வாய் பிளந்து நின்றுவிடுகிறார்கள். எனக்கு என்னவோ அந்த உடும்பின் மேல்தான் கண்.

செய்தி புறநானூற்றின் 152-ஆம் பாட்டில் இருக்கிறது. பாடியவர் வன்பரணர். 1894-ல் உ.வே.சாமிநாதையர் அதை அச்சில் ஏற்றிய பிறகுதான் படித்த தமிழர் பலருக்கு இந்த வேட்டை தெரியவந்தது. காட்டு வழியே போகும் ஒரு கலைஞர் கூட்டம். எதிரே ஒரு வேட்டுவன். அவன் விட்ட அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, புள்ளிமானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, பக்கத்தில் இருந்த புற்றுக்குள் கிடந்த உடும்பின் உடலில் போய்த் தைத்து நிற்கிறது. யார் இவன், பார்த்தால் கூலிக்கு வேட்டையாடுகிறவன் போலத் தெரியவில்லையே, ஒருவேளை ஓரியோ என்று அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். முழவு, யாழ், தூம்பு, ஆகுளி என்று கருவிகளை எடுத்து, அவன் முன்னாலேயே பாடவும் செய்கிறார்கள். தன் பேரைக் கேட்டதும் அவனுக்கு வெட்கம் வந்துவிடுகிறது.

இன்றைக்கு இணையத்தில் ஒரு வேடிக்கை நடக்கிறது. ரசிகர்கள் தாங்களே ஒரு தொடர் எடுத்து, அதன் பாத்திரங்களாகவே உட்கார்ந்து, யாரோ எடுத்த சூப்பர் ஹீரோ படத்தை அலசுவார்கள். இது புதுசு என்று நினைப்பவர்கள் வன்பரணரைப் படிக்கலாம். கவிதைக்குள் இருக்கும் பாத்திரங்களே நாயகனின் சாகசத்தைப் பார்த்து, ஐயப்பட்டு, விவாதித்து, உனக்கு நிகரான வேட்டுவர் இல்லை என்று மதிப்பெண்ணும் கொடுத்துவிடுகிறார்கள். அலசப்படுகிற ஹீரோ எதிரிலேயே நின்று கூச்சப்படுவது மட்டும் நம் காலத்தில் கிடைக்காத காட்சி.

ரசிகர்கள் அலச ஆரம்பித்தால் இயற்பியல் வராமல் போகாது. 1973-ல் வந்த ஸ்பைடர்மேன் இதழ் ஒன்றில் அவன் காதலி க்வென் ஸ்டேசி பாலத்தின் உச்சியிலிருந்து தள்ளிவிடப்படுகிறாள். வலை வீசி அவளைப் பிடித்துவிடுகிறான், ஆனாலும் அவள் இறந்துபோகிறாள். கொன்றது வீழ்ச்சியா, வலையா? வாசகர்கள் ஆண்டுக்கணக்கில் சண்டை போட்டார்கள். மின்னசோட்டா பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் ஜேம்ஸ் ககாலியோஸ் இந்தக் கேள்வியை வகுப்பறைக்கே கொண்டுபோனார். சூப்பர் ஹீரோக்களின் இயற்பியல் பற்றி அவர் எழுதிய புத்தகம் 2005-ல் வந்தது. 300 அடி விழுந்தால் வேகம் மணிக்கு 150 கிலோமீட்டர். அதை அரை விநாடியில் நிறுத்தினால் அவள் எடையைப்போல ஏறக்குறைய பத்து மடங்கு விசை கழுத்தில் இறங்கும். கொன்றது வலைதான். நம் கொல்லிமலை ஆகாயகங்கை அருவியும் 300 அடி என்றுதான் சொல்கிறார்கள். படியிறங்கிப் போய் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் க்வென் விழுந்த உயரம் கண்ணுக்குத் தெரியும்.

அதே நேர்மையோடு ஓரியின் அம்பையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

வில் என்பது ஆற்றலைச் சேமிக்கும் கருவி. கை மெதுவாக இழுத்துச் சேர்த்ததை, வில் ஒரு நொடியின் சிறு துணுக்கில் அம்பிடம் கொடுத்துவிடுகிறது. எவ்வளவு சேர்க்கலாம் என்பது நாணை எவ்வளவு பலத்தோடு, எவ்வளவு தூரம் இழுக்கிறோம் என்பதைப் பொறுத்தது. பழைய வில்களில் நம் கையில் நல்ல சான்றாக இருப்பவை இங்கிலாந்தின் 'மேரி ரோஸ்' போர்க்கப்பலில் கிடைத்தவை. 1545-ல் மூழ்கி, 1982-ல் தூக்கப்பட்ட அந்தக் கப்பலிலிருந்து நூற்று முப்பதுக்கு மேற்பட்ட நெடுவில்கள் கிடைத்தன. அவற்றை முழுக்க இழுக்க 45 முதல் 80 கிலோ வரை பலம் தேவைப்பட்டிருக்கும் என்று கணித்திருக்கிறார்கள். ஓரியின் வில் எப்படி இருந்தது என்பதற்கு எந்தத் தடயமும் இல்லை. ஆனால் பேருக்கு முன்னாலேயே 'வல்வில்' என்று ஒட்டிக்கொண்ட ஆளுக்கு 68 கிலோ வில்லைக் கொடுப்பது நியாயம். சிமென்ட் மூட்டை 50 கிலோ. அதைவிடக் கூடுதலான பாரத்தை விரல்களால் இழுத்துப் பிடித்துக் குறி பார்க்க வேண்டும்.

அப்படி 60 சென்டிமீட்டர் இழுத்தால் வில்லில் 200 ஜூல் ஆற்றல் சேரும். வில்லின் கைகள் அசைவதற்கே ஒரு பங்கு செலவாகிவிடும். மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 130 ஜூல், அம்புக்குப் போகும். 70 கிராம் கனமான அம்பு விநாடிக்கு 60 மீட்டர் வேகத்தில் கிளம்பும். 130 ஜூல் என்பது பெரிய தொகை அல்ல. ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலம் நான்காவது மாடியிலிருந்து விழுந்தால் தரையில் கொடுக்கும் அடி, அவ்வளவுதான்.

இந்தச் சின்னத் தொகையில் யானை எப்படி விழும்? இங்கேதான் அம்பின் அதிசயம் இருக்கிறது. ஏ.கே.47 துப்பாக்கிக் குண்டின் எடை 8 கிராம், வேகம் விநாடிக்கு 700 மீட்டருக்கு மேல், ஆற்றல் 2000 ஜூல். ஆற்றலில் அம்பு அதன் பதினைந்தில் ஒரு பங்குகூட வரவில்லை. ஆனால் எடையையும் வேகத்தையும் பெருக்கினால் வரும் உந்தத்தைப் பாருங்கள். குண்டுக்கு ஐந்தரைக்குக் கொஞ்சம் மேல், அம்புக்கு நான்குக்குக் கொஞ்சம் மேல். கிட்டத்தட்டப் பக்கத்தில் வந்துவிட்டது! குண்டு அத்தனை வேகத்தில் போவதால் சதை அதை அத்தனை வன்மையாகத் தடுக்கிறது. தசையைப் பக்கவாட்டில் பிதுக்கித் தள்ளுவதிலேயே அதன் ஆற்றல் கரைகிறது. அம்போ நிதானமாக வருகிறது, கூரிய விளிம்பால் அறுத்துக்கொண்டு வழி செய்கிறது, பின்னால் நீளமான தண்டு நேராகத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. அரிவாள்மணையில் வாழைத்தண்டு அறுத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குத்தினால் நசுங்குவது, இழுத்து அறுத்தால் துண்டாகும்.

அம்பால் யானை விழும் என்பதற்குக் கண்கண்ட சாட்சிகள் உண்டு. கென்யாவின் வாட்டா வேடர்கள் மிக வலிய வில்லால் யானை வேட்டை ஆடியவர்கள். ஆனால் அம்பு முனையில் இதயத்தை நிறுத்தும் ஒரு மரத்தின் நஞ்சைத் தடவியிருப்பார்கள். ஹோவர்டு ஹில் என்ற அமெரிக்க வில்லாளி ஆப்பிரிக்காவில் யானையை அம்பால் வீழ்த்தினார், 1952-ல் வந்த 'டெம்போ' படம் அந்தப் பயணத்தைக் காட்டுகிறது. வன்பரணர் நஞ்சைப் பற்றி மூச்சு விடவில்லை.

ஆனால் விழுவது வேறு, துளைத்துக்கொண்டு வெளியே வருவது வேறு. யானைத் தோல் சில இடங்களில் ஓர் அங்குலத் தடிமன். உள்ளே நெருக்கமான விலா எலும்புகள். இன்னொரு தொல்லையும் இருக்கிறது. அம்பு உள்ளே போகப் போகத் தண்டைச் சதை நாலா பக்கமும் கவ்விப் பிடிக்கும். முனையைத் தண்டைவிட அகலமாகச் செய்வது இதற்காகத்தான்.

சரி, ஓரிக்குச் சாதகமாகவே கணக்கை வைப்போம். எலும்பில் படவே இல்லை, சராசரியாகப் பத்து கிலோ எடை அளவுக்குத்தான் சதை தடுக்கிறது என்போம். அப்படியானால் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் ஒரு ஜூல் செலவு. யானையின் குறுக்கே 120 சென்டிமீட்டர். புலிக்கு 40, மானுக்கு 30, பன்றிக்கு 30, உடும்புக்கு 10. மொத்தம் 230 ஜூல். கையில் இருப்பது 130.

நான் இன்னும் பெரிய ஓட்டையை எதிர்பார்த்தேன். புராணத்து அம்பு என்றால் ஆயிரம் மடங்காவது இடிக்க வேண்டாமா? இந்தச் சலுகைக் கணக்கில் இரண்டு மடங்குகூட இடிக்கவில்லை. இன்னும் பலசாலியைக் கூப்பிட்டாலும் பள்ளம் நிரம்பாது என்பதும் உண்மை. 2004-ல் இங்கிலாந்தின் மார்க் ஸ்ட்ரெட்டன் 90 கிலோ வில்லை முழுக்க இழுத்துக் கின்னஸில் ஏறினார். அந்த வில்லே 180 ஜூலுக்கு மேல் தராது. எலும்பையும் தோலையும் சேர்த்துவிட்டால் யானையின் மறுபக்கத்தில் அம்பின் முனைகூட எட்டிப் பார்க்காது.

இப்போது பட்டியலின் வரிசைக்கு வருவோம். எடைப்படி அடுக்கினார் என்றால் பன்றி இடிக்கும், நன்றாக வளர்ந்த காட்டுப்பன்றி புள்ளிமானைவிடக் கனம். உயரப்படி பாருங்கள், எங்கும் பிசகாது. யானை ஆள் உயரத்துக்கு மேலே. புலியின் தோள் ஒரு மீட்டரை ஒட்டி. மான் அதைவிடக் கொஞ்சம் குறைவு, பன்றி இன்னும் குட்டை, உடும்பு தரையோடு தரை. மேட்டில் நிற்கும் ஒருவன் பள்ளத்தை நோக்கி எய்தால் அம்பு கீழே இறங்கிக்கொண்டே போகும் பாதை இது. சமவெளி அரசனுக்கு இந்த வேட்டையைச் சொல்லியிருந்தால் கோணம் உதைத்திருக்கும், மலை அரசனுக்குப் பொருந்துகிறது. புலியும் மானும் எப்படி ஒரே கோட்டில் நிற்கும் என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் இருக்கிறது. மானைப் பதுங்கித் தொடர்கிற புலி வேறு எங்கே நிற்கும்?

உடும்பும் சும்மா வரவில்லை. நம் ஊர் உடும்பு கறையான் புற்றில் தங்குவதும் அதில் முட்டை இடுவதும் விலங்கியல் படித்தவர்களுக்குத் தெரியும். வன்பரணர் அதைப் புற்றுக்குள்ளேயே வைத்தார். அதோடு அம்பை அங்கேயே நிறுத்தினார். இதுதான் என்னை வியக்கவைக்கிறது. புளுகுகிறவன் அம்பை உடும்பையும் துளைத்து அடுத்த மலைக்கு அனுப்பியிருப்பான். இந்தக் கவிஞர் பெரிய உடலில் ஆரம்பித்துச் சின்ன உடலுக்கு வந்து, மண்ணில் முடிக்கிறார். ஆற்றல் செலவாகும், ஒரு கட்டத்தில் தீரும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இன்னொரு தீர்வும் எனக்குத் தோன்றுகிறது. யானையை எடுத்துவிட்டுக் கூட்டுங்கள். புலி, மான், பன்றி, உடும்பு நான்குக்கும் 110 ஜூல். மிச்சம் 20, அது புற்றின் மண்சுவருக்கு. கணக்கு நேராகிவிடுகிறது! பாட்டில் யானையை வீழ்த்தியது என்பது அம்புக்கு அடைமொழியாக முன்னால் வருகிறது. யானையையே வீழ்த்தவல்ல அப்படிப்பட்ட அம்பு, இன்று இந்த நான்கையும் கொண்டுபோயிற்று என்று படித்தால் என்ன? வழக்கமான பொருள் ஐந்தையும் ஒரே எய்தலுக்குத்தான் கொடுக்கிறது, தமிழாசிரியர்கள் என்னை அடிக்க வரலாம். எலும்புகளும் என் பக்கம் இல்லை. இருந்தாலும் என் ஓட்டு நான்குக்குத்தான்.

இவ்வளவு கெட்டிக்கார வில்லாளியை முள்ளூர் மன்னன் மலையமான் திருமுடிக்காரி போரில் கொன்று, கொல்லிமலையைச் சேரனிடம் கொடுத்துவிட்டான். யானையும் புலியும் இன்று அந்த மலையில் வாழவில்லை. உடும்பு மிச்சம் இருக்கிறது. 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் யானை, புலியோடு சேர்ந்து முதல் அட்டவணையில் அதற்கும் இடம் உண்டு. அந்த வேட்டையை இன்று ஆடினால் ஓரிக்குப் பாராட்டு அல்ல, ஜாமீன்தான் தேவைப்படும்.

ஆடி 17, 18 தேதிகளில் செம்மேட்டில் ஓரிக்கு அரசு விழா எடுக்கிறார்கள், வில்வித்தைப் போட்டியும் உண்டு. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போகிறவர்கள், யார் ஜெயித்தார் என்பதோடு திரும்பிவிடாதீர்கள். இலக்குப் பலகைக்குப் பக்கத்தில் போய், அம்பு எத்தனை அங்குலம் உள்ளே இறங்கி நின்றிருக்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள்.