முருகைக்கல் நாட்டில் ஒரு பகல்

இறக்காமத்துப் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்பிக்க ஆசிரியர் எவரும் தேவையில்லை. ஊரின் குளமே அவர்களுக்கு ஆசான். ஆயினும் அக்குளத்து நீருக்குள் கண் திறந்து பார்த்தவர் கண்டது யாது? வண்டல் கரைந்த மஞ்சள் இருளேயன்றி வேறொன்றுமில்லை. நீட்டிய கையைத் தானே காணமுடியாத நீரில் வளர்ந்த பிள்ளைகளை, நாலு பாகம் தள்ளி நீந்தும் மீனின் வரிகளையும் எண்ணக்கூடிய நீருக்குள் ஒருமுறை இறக்கிப் பார்க்கவேண்டும் என்பது எமது நெடுநாள் ஆவல். சென்ற பள்ளி விடுமுறையில் அது நிறைவேறிற்று.

நாம் தேர்ந்த இடம், திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளிக் கரையிலிருந்து ஏறக்குறைய 1 கிலோமீற்றர் தொலைவில் இருக்கும் புறாத்தீவு. பின்னிரவு மூன்று மணிக்கு இரு வேன்களில் புறப்பட்டோம். பெரியோர் எண்மர், பிள்ளைகள் ஒன்பதின்மர், நெய்ச்சோற்றுச் சட்டிகள் இரண்டு. சாய்ந்தமருதில் எமது சாச்சியும் ஏறிக்கொண்டார். அவரைப் பற்றிப் பின்னர் சொல்வோம்.

கல்முனை, களுவாஞ்சிகுடி, காத்தான்குடி என ஊர்கள் உறக்கத்திற் கடந்தன. மட்டக்களப்பைத் தாண்டுகையில், அங்கிருந்து சில மைல் கடலில் ஆழ்ந்து கிடக்கும் ‘ஹேர்மிஸ்’ என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலின் கதையை மாணவர்களுக்குச் சொன்னோம். 1942 ஏப்ரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் அதை மூழ்கடித்தன. ஏறத்தாழ 50 மீற்றர் ஆழத்திலுள்ள அதனைக் காணச் சுழியோடிகள் இன்றும் வருகின்றனர். கதை முடியுமுன் கேட்டவர்களிற் பாதிப்பேர் தூங்கிவிட்டனர். ஓட்டமாவடியில் சுபஹுத் தொழுகை. வாகரைக்கு அப்பால் விடிந்தது. மூதூரை அணுகுகையில், 1660இல் அப்பகுதியிற் சிறைப்பட்டு, 19 ஆண்டுகள் கண்டி இராச்சியத்திற் கைதியாயிருந்த றொபேட் நொக்ஸை நினைவுகூர்ந்தோம். கிண்ணியாவில் அக்காலத்துத் தோணித்துறைக்குப் பதிலாக, 2009இல் திறக்கப்பட்ட 396 மீற்றர் நீளப் பாலம் எம்மைச் சில நிமிடங்களில் அக்கரை சேர்த்தது. பாதைக்காகக் காத்திருந்த மணித்தியாலங்களை எம்முடன் வந்த முதியவர் ஒருவர் ஏக்கத்தோடு பேசினார். அந்த ஏக்கம் எமக்கு விளங்கவில்லை.

நிலாவெளிக் கரையில் வனசீவராசிகள் திணைக்களத்தாரிடம் அனுமதிச் சீட்டுப் பெற்று, மிதவைச் சட்டை அணிந்து படகேறினால், கால் மணி நேரத்துக்குள் தீவு. பெரிய தீவு ஏறத்தாழ 200 மீற்றர் நீளமும் 100 மீற்றர் அகலமுமே உடையது. எமது ஊரில் ஒரு வயற்கண்டம் அதனினும் பெரிது. நடுவே பாறைகள் 45 மீற்றர் உயரம்வரை குவிந்துள்ளன. அவற்றின் பிளவுகளில் வாழும் மாடப்புறாக்களே தீவுக்குப் பெயர் தந்தவை. பள்ளிவாசல் மினாராக்களிலும் கோயிற் கோபுரங்களிலும் நாம் காணும் புறாக்களின் மூதாதையர் இத்தகைய பாறைப்புறாக்களே. ஆங்கிலேயர் ஆட்சியில் இத்தீவைச் சுடுபயிற்சிக்குப் பயன்படுத்தினர் என்றால் நம்பமுடிகின்றதா? 1963இல் சரணாலயமாகிய அது, 2003இல் தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்டது.

கரையிற் கால் வைத்ததும் பிள்ளைகள் “மணலில்லையே!” என்றனர். உண்மைதான். நாம் இறங்கிய கரையில் மணலினும் மிகுதியாகக் கிடந்தவை, எலும்புத் துண்டுகள்போல் வெளுத்த முருகைக்கல் துணுக்குகள். மிதித்தால் ஓட்டுச் சில்லுகள்போல் ஒலித்தன.

முகத்தை மூடும் நீர்க்கண்ணாடியும், வாயிற் கவ்வும் மூச்சுக்குழாயும் வாடகைக்குக் கிடைக்கின்றன. இதனை ‘ஸ்நோர்க்கல்’ என்பர். குளத்து வீரர்கள் முதலில் தடுமாறியது நீச்சலிலன்று, மூச்சிலேயே. நீருக்குள் முகம் புதைத்தபின் மூச்சை அடக்குவது அவர்களுக்குப் பிறவிப் பழக்கம். இங்கோ மூச்சுவிட வேண்டும். அதைப் பழகியதும் மற்றொரு வியப்பு: உடல் தானே மிதந்தது. கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பிருப்பதால் அது குளத்து நீரினும் அடர்த்தியானது என்பதைப் பாடநூலிற் படித்த பையன், அன்றுதான் அதை முதுகால் உணர்ந்தான்.

உள்ளே கண்டதை எழுத்தில் வடிப்பது எளிதன்று. மான்கொம்புபோற் கிளைத்த முருகைக்கல் ஒருபுறம். மூளையின் மடிப்புகள்போல் உருண்டது மறுபுறம். பச்சையும் நீலமுமான கிளிமீன்கள் முருகைக்கல்லைக் கொறிக்கும் ஓசை காதில் ‘கறுக், கறுக்’ என விழுந்தது. கொறித்துண்ட கல்லை அவை மணலாகக் கழிக்கின்றன என்று படகோட்டி சொன்னபோது பிள்ளைகளின் சிரிப்பு அடங்க நெடுநேரமாயிற்று. ஆமையொன்று எம்மைப் பொருட்படுத்தாமலே கடந்துசென்றது. பின்னர் இடுப்பளவு ஆழத்தில், செட்டை நுனிகளிற் கறுப்பு மை தொட்டதுபோன்ற சிறு சுறாக்கள் மூன்று! பெரியோர் கரைக்கு விரைந்தனர், பிள்ளைகள் நின்றனர். இக்கருஞ்செட்டைச் சுறாக்கள் மனிதரைக் கண்டு விலகும் இயல்பினவாதலால் பிள்ளைகளின் பக்கமே நியாயம் இருந்தது.

அவ்வேளையில் வேறொரு கூட்டத்து இளைஞர் ஒருவர், களைப்பாற நீருக்கடியிலிருந்த முருகைக்கல்லின் மீது ஏறி நின்றார். எமது படகோட்டி உரத்துக் கூவினார்: “அது கல்லில்லைத் தம்பி, உயிர்! இறங்குங்க!” இளைஞர் சிரித்தார்; எனினும் இறங்கினார்.

படகோட்டியின் சொல் முற்றிலும் உண்மை. முருகைக்கல் என்பது கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் கட்டிய மாளிகை. அவ்வுயிர்களின் உடலுக்குள் நுண்ணிய பாசிகள் குடியிருந்து, சூரிய ஒளியால் உணவு சமைத்து அவற்றை ஊட்டுகின்றன. நிறம் தருவனவும் அவையே. உருண்டைக் கற்கள் ஆண்டுக்கு ஒரு சென்ரிமீற்றர் வளர்ந்தாற் பெரிது. ஒரு குதிகால் அழுத்தத்தில் உடைவது ஒரு பிள்ளையின் வயதினும் மூத்ததாயிருக்கலாம். கடல் வழமையினும் ஒரு பாகை கூடுதலாகச் சில வாரங்கள் சூடாயிருந்தாலே பாசிகள் வெளியேற, கல் வெளிறிப் பட்டினி கிடக்கின்றது. 1998இல் அவ்வாறு இலங்கையின் தெற்கு, மேற்குக் கரைகளில் பெரும்பகுதி அழிந்தபோது திருகோணமலைப் பக்கம் பெரிதும் தப்பியது. ஆயின் 2024 ஏப்ரலில், உலகளாவிய நான்காவது வெளிறல் நிகழ்ந்துவருவதாக அறிஞர் அறிவித்தனர். வெப்பத்தைத் தடுத்து நிறுத்த எம்மால் இயலாது. காலைத் தூக்கிக்கொள்ள இயலும்.

பழங்காலத்தில் கிழக்குக் கரையில் முருகைக்கல்லைச் சூளையிலிட்டுச் சுண்ணாம்பாக்குவது பலருக்குப் பிழைப்பாயிருந்தது. 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டமும் 1988இன் திருத்தமும் அதனைத் தடைசெய்தன. எம் முன்னோர் வீட்டுச் சுவர்களிலும் அந்தச் சுண்ணாம்பு இருக்கக்கூடும் என்பதை மறைப்பானேன்?

இனி, சாச்சி. 2004 டிசம்பர் 26ஆம் நாள் பேரலையில் அம்பாறை மாவட்டம் மாத்திரம் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரை இழந்தது. சாய்ந்தமருதுக் கரையில் இருந்த சாச்சியின் வீடும், அதனுள் இருந்த தங்கையும் அன்று போயினர். அதன்பின் உள்ளூருக்கு நகர்ந்து குடியேறிய அவர், கடற்கரைப் பக்கம் போனதேயில்லை. “பிள்ளைகளுக்குச் சோறு போட ஆள் வேணுமே” என்றுதான் எம்முடன் வந்தார். படகில் நடுப்பலகையைப் பற்றிக்கொண்டு கண்மூடியிருந்தவர், தீவில் பாறை நிழலில் நீருக்கு முதுகு காட்டி அமர்ந்தார். நாம் வற்புறுத்தவில்லை. எட்டு வயதுப் பேர்த்திதான் நீர்க்கண்ணாடியைக் கொண்டுவந்து, “மூத்தம்மா, முழங்காலளவுதான், நான் கையைப் பிடிச்சிருக்கன்” என்றாள்.

அரைமணி நேரத்தின் பின் சாச்சி எழுந்தார். சேலையும் முக்காடும் நனைய, துணுக்குக் கற்கள்மீது நீரிலே அமர்ந்து, முகத்தைத் தாழ்த்தினார். நிமிர்ந்தார். மறுபடி தாழ்த்தினார். நெடுநேரம் பார்த்தபின் அவர் கேட்டது ஒரே கேள்வி: “அண்டைக்கு இதுகளுக்கு என்ன நடந்திருக்கும்?”

எம்முள் எவரும் அதுவரை அப்படி எண்ணியதில்லை. பேரலைக்குப்பின் கிழக்குக் கடலை ஆய்ந்தவர்கள் கண்டது, சேதம் இடத்துக்கிடம் மாறுபட்டிருந்தது என்பதே. ஓரிடத்தில் கற்கள் புரண்டு நொறுங்கின; அண்மையிலேயே இன்னோரிடம் தீண்டப்படாமல் நின்றது. இதனைச் சொன்னோம். “ஊரைப் போலத்தான்” என்று கூறிச் சாச்சி மீண்டும் குனிந்தார்.

நண்பகலில் நிலாவெளிக்குத் திரும்பி மரநிழலில் உணவருந்தினோம். கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழையும் விரைவாகப் பார்த்துவிட்டு, பிறெட்றிக் கோட்டைக்குட் சென்றோம். அங்கு உலவும் புள்ளிமான்கள் பிள்ளைகளை மகிழ்வித்தன. கோட்டை முனையிலுள்ள சுவாமி மலையில் நின்று செங்குத்தாகக் கீழே நோக்கினால் தலை சுற்றும். 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கேயர் இடித்த பழைய கோணேசர் கோயிலின் தூண்களும் செதுக்குக் கற்களும் அந்த நீருக்கடியிற் கிடப்பதை, 1956இல் சுழியோடிக் கண்டவர்கள் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் ஆவர். வில்சன் பின்னர் இக்கடலைப் பின்னணியாகக் கொண்டு எடுத்த ‘ரன்முத்து துவ’ 1962இல் வெளியாகி, முதலாவது சிங்கள வண்ணப்படம் என்ற பெயரைப் பெற்றது. இன்று வாடகைக்குக் கிடைக்கும் கண்ணாடியும் குழாயும் அந்நாளில் இங்கு எத்தனை பேரிடம் இருந்திருக்கும்!

போக விரும்பும் குடும்பத்தினர்க்குச் சில குறிப்புகள். மே முதல் செப்டெம்பர் வரை கடல் அமைதி. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் முயலவேண்டாம். பிற்பகலில் காற்றெழுமாதலால் காலையிலேயே தீவை அடைதல் நன்று. பிளாஸ்ரிக் பைகளைக் கரையிலேயே விட்டுச் செல்லுங்கள். பெண்கள் நீண்ட அங்கியினும், தளர்ந்த காற்சட்டையும் முழங்கால்வரை மேற்சட்டையும் அணிந்தால் நீரில் துணி காலைச் சுற்றாது; எம் வீட்டுப் பெண்கள் பட்டறிந்து சொன்னது இது. பழைய சப்பாத்து ஒரு சோடி அவசியம், அந்தத் துணுக்குக் கற்கள் பாதத்தைக் கிழிக்கும். நீரிற் களைத்தால் மல்லாந்து மிதவுங்கள். மிதவைச் சட்டை தாங்கும்.