டிக்கெட் இல்லாத இடத்தில் கூட்டத்தை எண்ணுவது எப்படி?

வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கு ஓராண்டில் எத்தனை பேர் வந்தார்கள் என்பதை டிக்கெட் கணக்கே சொல்லிவிடும். அங்கிருந்து வாலாஜாபாத் சாலையில் ஒரகடம் வந்துவிட்டால் அந்த வசதி கிடையாது. ஸ்ரீபெரும்புதூர் ஏரிக்கரை, செம்பரம்பாக்கம் ஏரிக்கரை, சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய காலி இடங்களில் நடக்கும் கிரிக்கெட் என எதற்கும் நுழைவாயிலும் இல்லை, பதிவேடும் இல்லை. இத்தகைய இடங்களுக்கு எவ்வளவு பேர் வருகிறார்கள் என்று அறிய, மக்களே சமூக ஊடகத்தில் பகிரும் படங்களை ஆய்வாளர்கள் பத்தாண்டுகளுக்கு மேலாகப் பயன்படுத்துகிறார்கள்.

எப்படி எண்ணுகிறார்கள்?

செல்பேசியில் இருப்பிட வசதி இயங்கினால், எடுக்கும் படத்தோடு அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி, நேரம் எல்லாம் பதிவாகிவிடும். ஃபிளிக்கர் போன்ற தளங்களில் பொதுவில் இருக்கும் படங்களிலிருந்து இந்த விவரங்களைத் திரட்டி, வரைபடத்தில் புள்ளிகளாக இடுகிறார்கள். ஒருவரே ஒரு மாலையில் ஐம்பது படம் போட்டிருக்கலாம். அதற்காக ஐம்பது பேர் வந்ததாகக் கொள்ள முடியாது. ஒரே ஆள், ஒரே நாள், ஒரே இடம் என்றால் எத்தனை படம் இருந்தாலும் கணக்கில் ஒன்றுதான்.

ஸ்பென்சர் வுட் தலைமையிலான ஆய்வுக்குழு 2013இல் உலகெங்கும் 836 இடங்களில் இந்தக் கணக்கை நேரடி வருகைக் கணக்குடன் ஒப்பிட்டது. பொதுவாக, படம் கூடிய இடங்களில் வருகையும் கூடியிருந்தது. கேரளத்தின் வேம்பநாட்டுக் காயலில் மைக்கேல் சின்க்ளேர் உள்ளிட்டோர் செய்த ஆய்வு 2018இல் வெளியானது. ஃபிளிக்கரில் படம் போட்டவர்கள் எங்கிருந்து வந்தவர்கள் என்று கண்டு, பயணச் செலவைக் கணக்கிட்டு, பொழுதுபோக்கு இடமாக அந்தக் காயலின் மதிப்பைப் பணத்தில் சொன்னது அது.

யார் விடுபடுகிறார்கள்?

எந்தத் தளத்தின் படங்களை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து வரைபடமே மாறும். பின்லாந்து, தென்னாப்பிரிக்கத் தேசியப் பூங்காக்களை வைத்து 2017இல் வெளியான ஆய்வில், ஃபிளிக்கரையும் ட்விட்டரையும் விட இன்ஸ்டாகிராம்தான் உண்மை வருகைக்கு நெருங்கி வந்தது. ஆனால், 2018க்குப் பிறகு வெளியார் தரவு எடுக்கும் வழிகளை இன்ஸ்டாகிராம் இறுக்கிவிட்டது. கையில் எஞ்சும் ஃபிளிக்கரோ கேமரா ஆர்வலர்களின் தளம். அதை வைத்து ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்பகுதியின் வரைபடத்தை வரைந்தால், இருங்காட்டுக்கோட்டைக் கார் பந்தயத் தடமும் ராஜீவ் காந்தி நினைவிடமும் எடுப்பாகத் தெரியலாம். ஷிப்ட் முடிந்து ஏரிக்கரையில் உட்கார்ந்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைக்கும் தொழிலாளி அதில் வரவே மாட்டார்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இதே பகுதியில் உள்ள வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட சிப்காட் குடியிருப்பு மட்டுமே 18,720 பெண் தொழிலாளர்கள் தங்குவதற்கானது. விளக்கு இல்லை, கழிப்பறை இல்லை, திரும்பிவரப் பேருந்து இல்லை என்று ஏரிக்கரைக்குப் போகாமலே இருந்துவிடும் பெண்ணின் படம் எந்தத் தளத்திலும் இருக்காது. போனவர்களைத்தான் படம் காட்டும். போக விரும்பியவர்களைக் காட்டாது.

அந்தரங்கமும் முக்கியம். திட்டமிடுவோருக்கு எண்ணிக்கை போதும், முகம் வேண்டியதில்லை. பெயர்களை நீக்கி, மாதக் கணக்கில் தொகுத்த பிறகே வரைபடத்தை வெளியிட வேண்டும். இல்லாவிட்டால், எந்தப் பெண் எந்த நேரத்தில் எங்கே இருப்பார் என்று காட்டிக்கொடுக்கும் பட்டியலாக அது மாறிவிடும்.

எங்கே பார்க்கத் தொடங்கலாம் என்பதற்குப் படக் கணக்கு நல்ல குறிப்பு. அடுத்து, ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஷிப்ட் மாறும் நேரங்களிலும் சில ஏரிக்கரைகளில் ஆளை நிறுத்தித் தலை எண்ண வேண்டும். தொழிலாளர் விடுதிகளுக்குப் போய்க் கேட்கவும் வேண்டும். புள்ளி விழாத இடம் யாருக்கும் வேண்டாத இடம் என்று முடிவுகட்டிப் பணம் ஒதுக்கினால், ஏற்கெனவே வசதி உள்ள இடத்துக்கே மேலும் வசதி போய்ச்சேரும்.