விலைப் பட்டியலில் ஒரு பெயர்

(தொடர் – 6)

அமெரிக்காவில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்களின் வாரிசுகள் தங்கள் முன்னோரைத் தேடிப் புறப்பட்டால், பெரும்பாலும் 1870-ல் போய் முட்டி நிற்பார்கள். விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் எல்லோரும் பெயரோடு பதிவானது அந்த ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான். அதற்கு முன்பு 1850-லும் 1860-லும் அடிமைகளுக்கென்று தனி அட்டவணை போட்டார்கள். முதலாளியின் பெயர் இருக்கும். அதன் கீழே ஆணா பெண்ணா, வயது, நிறம். அவ்வளவுதான். ‘ஆண், 30, கறுப்பு’ என்ற ஒரு வரியைப் பார்த்து, இவர்தான் என் பாட்டனார் என்று யாரால் சொல்ல முடியும்?

ஆகவே, பாட்டனாரைத் தேடுகிறவர் அவரை விலைக்கு வாங்கியவனின் குடும்பத்தைத் தேட வேண்டியிருக்கிறது. அவன் எழுதிய உயில், அடமானப் பத்திரம், கிரயப் பத்திரம், அவன் இறந்த பிறகு சொத்துகளை மதிப்பிட்டு எழுதிய பட்டியல். மாடு, கலப்பை, கட்டில்களுக்கு நடுவே மனிதர்களின் பெயரும் விலையும் அங்கேதான் கிடக்கின்றன. படிக்கவே நெஞ்சு பதறும் காகிதங்கள். ஆனாலும் அவற்றை விட்டால் வேறு வழியில்லை.

கொர்னீலியஸ் ஹாக்கின்ஸ் என்பவரின் தடம் கிடைத்ததும் அப்படித்தான். 1838-ல் மேரிலாந்து இயேசு சபைத் துறவிகள் 272 பேரை 1,15,000 டாலருக்கு லூசியானா தோட்ட முதலாளிகளுக்கு விற்றார்கள். அந்தப் பணத்தில் ஒரு பகுதி ஜார்ஜ்டவுன் கல்லூரியின் கடனை அடைக்கப் போனது. விற்பனைப் பட்டியலில் முதல் பெயர் ஐசக், வயது 65. விற்கப்பட்டவர்களில் கொர்னீலியஸும் ஒருவன். பதின்மூன்று வயதுப் பையன்.

அவர்களில் சுமார் 130 பேர் ‘கேத்தரின் ஜாக்சன்’ என்ற கப்பலில் நியூ ஆர்லியன்ஸுக்கு அனுப்பப்பட்டார்கள். அந்தக் கப்பலின் சரக்குப் பட்டியல் இன்றும் இருக்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்து புதிதாக யாரையும் கொண்டுவரவில்லை என்று காட்டுவதற்காக, ஒவ்வொருவரின் பெயர், வயது, உயரம், நிறம் எல்லாம் எழுதித் தர வேண்டும் என்பது அன்றைய சட்டம். யாரையும் நினைவில் வைத்துக்கொள்வதற்காக எழுதியதல்ல அது. இருந்தும் இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் அதில்தான் தங்கள் குடும்பத்தைத் தேடுகிறார்கள்.

கொர்னீலியஸ் போய்ச் சேர்ந்தது ஜெஸ்ஸி பேட்டி என்பவரின் தோட்டம். பேட்டி இறந்ததும் 1851-ல் எடுத்த சொத்துப் பட்டியலில் மறுபடி கொர்னீலியஸின் பெயர் வருகிறது. மதிப்பு 900 டாலர். தோட்டம் அதன் பிறகும் கைமாறிக்கொண்டே இருந்தது. 1870-ல்தான் விலை இல்லாமல் அவர் பெயர் வருகிறது: விவசாயக் கூலி, மனைவி, பிள்ளைகள், வயது 48. 1838 விற்பனைப் பட்டியலின்படி 45 இருக்க வேண்டும். பிறந்த நாளை யாரும் எழுதிவைக்காத இடத்தில் இந்த வித்தியாசம் சகஜம். இரண்டு மூன்று வயது கூடக் குறைய இருக்கிறதே என்று ஆளை விட்டுவிட்டால், தேடல் அங்கேயே அறுந்துபோகும். கூடவே நிற்கிற மனைவி, மக்கள், அக்கம்பக்கத்து வீடுகள் எல்லாவற்றையும் ஒப்பிட்டுத்தான் ஒருவரை உறுதிசெய்ய முடியும்.

கோயில் பதிவேடும் கைகொடுத்தது. தோட்டத்துக்குக் கிட்டத்தில் தேவாலயம் இல்லாததால் பாதிரியார் இல்லாமலே நடந்த தன் திருமணத்தை, விடுதலைக்குப் பிறகு பாதிரியாரின் ஆசியோடு மறுபடி நடத்திக்கொண்டார் கொர்னீலியஸ். தன்னை விற்றவர்களின் மதத்தை அவர் கடைசிவரை விடவில்லை. 1902-ல் இறந்தார். லூசியானாவின் மாரிங்குவின் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் அவருடைய கல்லறைக்கல் இருக்கிறது.

இவ்வளவும் தெரியவந்ததற்கு முக்கியக் காரணம், இயேசு சபை தன் காகிதங்களைப் பாதுகாத்ததும் அவை இன்று பொதுமக்கள் பார்வைக்குக் கிடைப்பதும்தான். 2017-ல் ஜார்ஜ்டவுன் தன் கட்டடம் ஒன்றுக்கு, விற்பனைப் பட்டியலில் முதலில் இருந்த அந்த ஐசக் ஹாக்கின்ஸின் பெயரைச் சூட்டியது. நல்ல காரியம். ஆனால் வாரிசுகளுக்கு அதைவிடப் பெரிய உதவி, காகிதங்களைத் திறந்து வைப்பதே. அடிமைகளை வாங்கி விற்றவர்களின் கணக்குப் புத்தகம் யார் வீட்டு அலமாரியில் இருந்தாலும், அதில் பெயர் உள்ளவர்களின் குடும்பத்துக்கு அதைப் பார்க்கும் உரிமை உண்டு என்பது என் உறுதியான கருத்து.

அதே 272 பேரில் ஒருவரான ஃபிராங்க் கேம்பெல்லின் புகைப்படமே கிடைத்திருக்கிறது. அது அடுத்த வாரம்.

(தொடரும்)