வழிப்பயணத்தில் ஜெனரேட்டர்

ஆடி மாதம் பிறந்துவிட்டால், மைசூர் ரயில் நிலையத்துப் பார்சல் அலுவலகத்தில் நம் மேசைக்கு முன்னே ஆண்டுதோறும் ஒரே காட்சியைக் காண்கிறோம். சேலம், ஈரோடு, திருச்சி என்று முகவரி எழுதிய மூட்டைகளின் நடுவே, கோணிச் சாக்கில் பொதிந்த கனத்த இரும்புப் பொருள் ஒன்று வந்து இறங்கும். சாக்கின் அடிப்புறத்தில் கருத்த ஈரம் படர்ந்திருக்கும். "உள்ளே என்ன ஐயா?" என்று வினவினால், "சின்ன ஜெனரேட்டர் சார், குலதெய்வக் கோயிலுக்கு" என்பார்கள். "பெட்ரோல் இருக்கிறதா?" என்றால், தலையைச் சொறிந்துகொண்டு, "கொஞ்சம்தான் சார்" என்பார்கள்.

அந்தக் 'கொஞ்சம்தான்' என்னும் சொல்லைப் பற்றியே இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம்.

ரயில்வேயின் விதி ஐயத்திற்கு இடமில்லாதது. மோட்டார் சைக்கிளாயினும் ஜெனரேட்டராயினும், டாங்கில் ஒரு சொட்டுப் பெட்ரோலும் இன்றி உலர்ந்திருந்தால் அன்றிப் பார்சலாக ஏற்கப்படமாட்டாது. அறிவிக்காமல் ஆபத்தான பொருளை ஏற்றுபவர்க்கு 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 164-ஆவது பிரிவு மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க இடந்தருகிறது. இவற்றைச் சொல்லும்போது அன்பர்கள் நம்மைக் கல்நெஞ்சர் என்று கருதுகின்றனர் என்பதை நாம் அறிவோம். ஆயினும் 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு 26-ஆம் நாள் விடியற்காலையில் மதுரை ரயில் நிலையத்தருகே நிறுத்திவைக்கப்பட்டிருந்த சுற்றுலாப் பெட்டியை நினைத்துப் பாருங்கள். லக்னோவிலிருந்து தெய்வ தரிசனத்திற்கென்று புறப்பட்டு வந்தவர்கள் அதில் இருந்தனர். விதியை மீறி ஏற்றிவந்த சமையல் வாயு உருளையால் தீப்பற்றியது. ஒன்பது உயிர்கள் மாண்டன. அவர்களும் 'கொஞ்சம்தான்' என்று எண்ணியே ஏற்றியிருப்பர்.

பிறரைக் குறை கூற நமக்குத் தகுதியில்லை. நாமும் அதே பிழையைச் செய்தோம். அதனை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

மைசூரில் குடியேறிய நம்மவர்க்கு ஜெனரேட்டர் எதற்கு என்று இளைஞர்கள் கேட்கலாம். சிவசமுத்திரத்தில் காவிரி தந்த மின்சாரம் 1902-இல் கோலார் தங்கவயலைச் சென்றடைந்தது. 1908-இலேயே மைசூர் நகரத்தில் விளக்கெரிந்தது. அந்தத் தங்கவயலில் உழைத்தவர்களில் நம் முன்னோர் எத்தனையோ பேர். அப்படி மின்னொளியில் வாழப் பழகிய குடும்பங்கள், ஆண்டுக்கொருமுறை குலதெய்வத்தை நாடிச் செல்லும்போது, கம்பமும் கம்பியும் எட்டாத காட்டோரத்துக்குப் போய்ச் சேர்கின்றன. தெய்வம் அங்கேதான் இருக்கிறது. அதனை நகரத்துக்கு அழைத்துவர முடியாது. பொங்கலிடவும் கிடாவிருந்து சமைக்கவும் இரவில் ஒளி வேண்டும். முதியவர்க்கு மின்விசிறி வேண்டும். ஒலிபெருக்கி இல்லையென்றால் இக்காலத்துப் பிள்ளைகள் திருவிழா என்றே ஒப்புவதில்லை.

எங்கள் குலதெய்வம் சத்தியமங்கலத்திற்கு அப்பால் உள்ளது. சாமராஜநகர், ஆசனூர் வழியாகச் சென்று, திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டையூசி வளைவுகளையும் இறங்கி, பண்ணாரி அம்மனை வணங்கிவிட்டுச் செல்லவேண்டும். 2022 முதல் உயர்நீதிமன்ற ஆணையால் அவ்வழியில் இரவுப் போக்குவரத்துக்குத் தடை இருப்பதால், விடிந்தபின்னரே காட்டுக்குள் நுழையலாம். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆடியில், உறவினர் பதினால்வர் ஒரு வேனை வாடகைக்கு அமர்த்திப் புறப்பட்டோம். ஜெனரேட்டரும் வாடகைக்கு எடுத்ததே. இரும்புச் சட்டத்தினுள் பொருத்திய வகை. ஏறக்குறைய ஐம்பது கிலோ எடை. பாதி டாங்க் பெட்ரோலோடு அதனை வேனின் கடைசி இருக்கைக்குப் பின்னே நிறுத்தி, நைலான் கயிற்றால் இருக்கையின் காலோடு கட்டினோம். பக்கத்தில் அரிசி மூட்டை இருந்தது. எங்கே சாயப்போகிறது என்று எண்ணினோம். கட்டியவர் வேறெவரும் அல்லர், நாமே. நாள்தோறும் பார்சல் ஏற்றுவதைப் பார்ப்பவர் என்பதால் அப்பொறுப்பை நம்மிடம் விட்டிருந்தனர்.

ஆசனூர் தாண்டும்போதே சிறுமி ஒருத்தி வாந்தியெடுத்தாள். மலைப்பாதை என்றால் இது இயல்பு என்று எலுமிச்சம்பழத்தை மோக்கக் கொடுத்தோம். பின்னர் இன்னொரு சிறுவனுக்கும் தலை சுற்றிற்று. இறக்கம் தொடங்கும் இடத்தில் டிரைவர் தம் வழக்கப்படி வண்டியை நிறுத்தினார். தேங்காய் உடைத்து வண்டிக்குமுன் சூடம் கொளுத்திவிட்டு இறங்குவது அவர் வழக்கம். வெயிலுக்காகப் பின்கதவையும் திறந்துவிட்டிருந்தோம். தீப்பெட்டி நம் கையில் இருந்தது. அப்பொழுது வண்டிக்குள்ளிருந்த நம் அத்தை, "கண்ணு, குச்சியக் கிழிக்காதே! சித்த பொறு. பெட்ரோல் நாத்தம் அடிக்குது" என்று கூவினார்.

பின்னே சென்று பார்த்தோம். வளைவுகளில் கயிறு நெகிழ்ந்து ஜெனரேட்டர் அரிசி மூட்டையின்மீது சாய்ந்துகிடந்தது. மூடியின் காற்றுத்துளை வழியே பெட்ரோல் கசிந்து, மூட்டையை நனைத்து, வண்டியின் தரையில் ஓடிக் கதவோரமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. அத்தைக்கு அப்பொழுது வயது எழுபத்தெட்டு. கண் மங்கிவிட்டது, மூக்கு மங்கவில்லை.

அன்று குச்சி கிழிக்கப்பட்டிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதைப் பின்னர்ப் படித்தறிந்தோம். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. அது மேலே கலைந்து போவதில்லை. தண்ணீரைப்போல் தாழ்வான பக்கம் ஓடிப் பள்ளத்தில் தேங்குகிறது. காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு கலந்தாலே தீப்பிடிக்கப் போதுமானது. நாம் நின்றதோ இறக்கத்தில், வண்டிக்குக் கீழ்ப்புறத்தில்.

கட்டும் முறையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும், ஏனெனில் பெரும்பாலோர் எடையைக் கருதுகிறார்களே தவிர, ஓடும் வண்டியில் அந்த எடை என்ன செய்யும் என்பதைக் கருதுவதில்லை. வேகமாக ஓடும் வண்டியைச் சட்டென்று நிறுத்தினால், உள்ளேயுள்ள பொருள் நிற்க உடன்படுவதில்லை. சுமை கட்டுதற்கு ஐரோப்பிய நாடுகளில் வகுத்துள்ள கணக்குப்படி, தன் எடையில் 80 விழுக்காட்டு விசை முன்னோக்கியும், பாதி எடைக்கு ஈடான விசை பக்கவாட்டிலும் வரும் என்று கொண்டு கட்டவேண்டும். ஐம்பது கிலோ ஜெனரேட்டர் ஒன்று நாற்பது கிலோ விசையோடு முன்னே பாய முற்படும் என்பது பொருள். நைலான் கயிறு இழுபடும் தன்மையது. கட்டும்போது இறுகியிருப்பது பத்து வளைவுக்குள் தளர்ந்துவிடும். லாரிக்காரர்கள் பயன்படுத்துகிறார்களே, பிடியைத் தள்ளித் தள்ளி இறுக்கும் பட்டை, அதுவே தகுந்தது. இரண்டு பட்டைகள் வேண்டும். நான்கு மூலைக்கும் நான்கு பிடிப்பு. பட்டையை ஜெனரேட்டரின் சட்டத்தில் மாட்டவேண்டுமே அல்லாமல், கைப்பிடியிலோ டாங்கின் மேலோ சைலன்சரிலோ மாட்டலாகாது. அடியில் ரப்பர் விரிப்பு ஒன்று போட்டால் வழுக்காது. புறப்பட்ட அரைமணியில் ஒருமுறை நிறுத்தி மறுபடியும் இறுக்கிப் பார்க்கவேண்டும். முதற்கட்டு எப்பொழுதும் சிறிது தளரும்.

எப்போதும் நிமிர்த்தியே வைக்கவேண்டும். படுக்கவைத்தால் பெட்ரோல் ஒழுகுவது ஒருபுறமிருக்க, எஞ்சின் எண்ணெய் சிலிண்டருக்குள்ளும் ஏர் பில்டருக்குள்ளும் ஏறிவிடும். பின்னர்க் கோயிலில் கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் எஞ்சின் புறப்படாது. ஓடி நின்ற ஜெனரேட்டரைச் சூடு ஆறுமுன் தூக்கி ஏற்றுவதும் தவறு.

எல்லாவற்றிலும் சிறந்தது, ரயில்வே கேட்பதுபோல் உலர்த்திக்கொண்டு செல்வதே. டாங்கிலுள்ள பெட்ரோலைக் கைப்பம்பால் வாங்கிவிட்டு, (வாயால் குழாயை உறிஞ்சும் பழக்கத்தை இனியேனும் விட்டுவிடுங்கள்) பெட்ரோல் டேப்பை மூடி, எஞ்சினைத் தானே நிற்கும்வரை ஓடவிட்டால் கார்புரேட்டரில் உள்ளதும் தீர்ந்துவிடும். சத்தியமங்கலத்தில் பெட்ரோல் கிடைக்கும்போது மைசூரிலிருந்து அதனைச் சுமந்துகொண்டு 27 வளைவுகளில் இறங்குவது எதற்கு? எடுத்துச் செல்லத்தான் வேண்டுமென்றால், 1934-ஆம் ஆண்டுப் பெட்ரோலியச் சட்டம் விற்பனைக்கல்லாத 30 லிட்டர் வரை உரிமமின்றி வைத்துக்கொள்ள இடந்தருகிறது. ஆனால் அது இறுக மூடிய உலோகக் கலத்தில், கலமொன்றுக்கு 25 லிட்டருக்கு மிகாமல் இருக்கவேண்டும். தண்ணீர் பாட்டிலிலும் பிளாஸ்டிக் கேனிலும் நம்மவர் வாங்கிச் செல்வது அந்தச் சட்டம் சொல்லும் கலம் அன்று. கலத்தை விளிம்புவரை நிரப்பவும் கூடாது. வெயிலில் பெட்ரோல் விரிவடையும்.

மைசூர் ரயில் அருங்காட்சியகத்தில் மகாராணியாரின் சலூன் வண்டியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சமையலறையோடு ஓடும் அந்த வீட்டைக் காணும்போதெல்லாம் நமக்கு ஓர் எண்ணம் எழும். ரயிலில் விளக்கெரிக்கப் பயணிகளின் நடுவே எஞ்சின் வைத்த வழக்கம் இல்லை. சக்கரத்தின் சுழற்சியிலிருந்தே டைனமோவை ஓட்டி, பெட்டிக்கடியிலுள்ள பாட்டரியில் சேர்த்தார்கள். ராஜதானி போன்ற வண்டிகளில் டீசல் ஜெனரேட்டர் வந்தபோதும், அதற்கெனத் தனிப்பெட்டியே கோத்தார்கள். அமெரிக்காவில் வீட்டு வண்டியைக் காரின் பின்னே இழுத்துச் செல்வோரும், மனிதர் உறங்கும் அறைக்குள் ஜெனரேட்டரை வைப்பதில்லை. வண்டியின் முன்புறக் கொக்கிச் சட்டத்தின்மேல் காற்றோட்டமுள்ள பெட்டியமைத்து, பூட்டும் சங்கிலியும் இட்டுக் கொண்டுசெல்வோர் உண்டு. பின்கோடியில் தொங்கவிட்டால் வண்டியின் வால் கனத்து, கொக்கியின் மேலுள்ள பாரம் குறைந்து, வேகத்தில் வண்டி இருபுறமும் ஆடத்தொடங்கும். பின்னாலிருந்து வேறொரு வண்டி மோதினால் முதலில் நசுங்குவதும் அதுவே.

நமக்கு இழுவை வண்டி இல்லை. குட்டி யானை இருக்கிறது. மறு ஆண்டு முதல் சமையற்பாத்திரம், சாமியானா, ஜெனரேட்டர் யாவற்றையும் ஒரு குட்டி யானையில் ஏற்றி வேனின் பின்னே வரச்செய்கிறோம். ஜெனரேட்டரை டிரைவர் அறைக்குப் பின்னுள்ள முன்தகட்டோடு ஒட்டி நிறுத்துகிறோம். பிரேக் போட்டால் சாய்ந்துகொள்ள அதற்கு ஒரு சுவர் கிடைக்கிறது. வாயு உருளையை எதிர்மூலையில் தனியே கட்டுகிறோம். வாடகை கூடுதல்தான். பங்கு பிரிக்கும்போது முதலாண்டில் சிலர் முகஞ்சுளித்தனர். அத்தை ஒருமுறை பார்த்த பார்வையில் அடங்கிவிட்டனர்.

சேர்ந்த இடத்திலும் ஒரு செய்தி உண்டு. அதே ஆடியில், ஒருவாறு கழுவித் துடைத்துக் கோயில் சேர்ந்தபின், இரவு தூறல் போட்டது. ஜெனரேட்டர் நனையாதிருக்க வேனின் பின்கதவருகே தள்ளிவைக்கலாம் என்று தம்பிமார் முனைந்தனர். வேனுக்குள் குழந்தைகள் உறங்கிக்கொண்டிருந்தனர். மின்வாரியத்தில் பணிபுரியும் நம் மைத்துனர் அதற்கு ஒப்பவில்லை. எஞ்சின் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் பிராணவாயு அமரவேண்டிய இடத்தை இருநூறு மடங்குக்கும் மேலான பற்றோடு பிடித்துக்கொள்ளும். பெட்ரோலையாவது அத்தையின் மூக்கு கண்டுபிடித்தது. இதனை எவர் மூக்கும் கண்டுபிடிக்காது. உறங்குபவர் உறக்கத்திலேயே போய்விடுவர். ஆள் இருக்கும் இடத்திலிருந்து இருபதடிக்குக் குறையாமல், புகைக்குழாய் எதிர்ப்புறம் நோக்க, கூரை மட்டும் போட்டு நான்கு பக்கமும் திறந்துவிட்டு வைக்கவேண்டும். இதற்காகவே நாம் இப்பொழுது நூறடி ஒயர்ச் சுருளொன்றும் எடுத்துச் செல்கிறோம்.

நம் தமிழர்க்கு இத்தொழில் புதிதன்று. திருச்சியில் ரயில்வேயில் வேலைபார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவி வாங்கி, வேலையை விட்டு ஊர்ஊராய்ப் படங்காட்டப் புறப்பட்டார். அவர் வழியில் பின்வந்த டூரிங் டாக்கீஸ்காரர்கள் எண்ணெய் எஞ்சினையும் டைனமோவையும் மின்சாரமில்லாத சிற்றூர்களுக்கு ஏற்றிச் சென்றனர். கொட்டகைக்கு வெளியே, தனியே, அந்த எஞ்சின் டக்டக்கென்று ஓடிக்கொண்டிருந்ததை நம் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் நினைவு கூர்வர். வெளியே வைத்தது சத்தத்திற்காக மட்டுமன்று.

சென்ற ஆண்டு தச்சர் ஒருவரைக்கொண்டு ஜெனரேட்டர் வைக்கும் மரச்சட்டம் ஒன்று செய்தோம். அடியில் ரப்பர், நான்கு மூலையிலும் இரும்பு வளையம், இருவர் தூக்கப் பக்கத்துக்கொரு பிடி. அதன் அளவுகளை ஒரு தாளில் எழுதிச் சங்க அலுவலகத்தில் வைத்திருக்கிறோம். ஆடிக்கு ஊர் செல்லும் குடும்பத்தார் பெற்றுக்கொள்ளலாம். சட்டமும் இரண்டு பட்டைகளும் ஒரு வாரத்திற்கு இரவலாகவும் கிடைக்கும். திருப்பித் தரும்போது பட்டைகளைக் காயவைத்துத் தரவேண்டுகிறோம்.