பெண்டிரும் கை விறைப்பும்
திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த இல்லங்களில் மீன் அரிந்து, தேங்காய் துருவி, துணி பிழியும் தாய்மாருட் சிலர் நள்ளிரவில் கை விறைத்து விழிப்பதுண்டு. வாதமென எண்ணி எண்ணெய் பூசிவிட்டிருத்தல் தகாது.

மணிக்கட்டில் எட்டுச் சிற்றெலும்புகளும் ஒரு தடித்த நார்ப்பட்டையும் சூழ்ந்த ஒடுங்கிய வழி உளது. அதனூடே ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் செல்கின்றன. அங்கு வீக்கமுண்டாயின் நரம்பு நசுங்கும். பெருவிரலும் அடுத்த இரு விரல்களும் விறைக்கும், சிறுவிரல் தப்பும்.

ஆடவரினும் பெண்டிரையே இந்நோய் மிகுதியாகப் பற்றுகின்றது. கருப்பகாலம், மாதவிடாய் ஓயும் பருவம், நீரிழிவு, தைரொயிட் சுரப்புக் குறைவு, மூட்டுவாதம், உடற்பருமன் என்பன ஏதுக்களாம். மணிக்கட்டை மடக்கி ஓயாது வலிந்து செய்யும் வேலையும் துணைபுரியும்.

கருப்பகால விறைப்பு மகப்பேற்றின்பின் பெரும்பாலும் நீங்கும். ஏனையோர்க்கு, இரவில் மணிக்கட்டை நேராக நிறுத்தும் பட்டை உதவும். பெருவிரலடித் தசை வற்றத் தொடங்கின் மருத்துவரை உடனே நாடுக. முற்றும் வற்றிய தசை மீள்வது அரிது.