மூச்சுத்திணறல் என்ற சொல்

செய்தியில் ஒரு பொய்கூட இருக்காது. ஆனாலும் அது ஒரு கட்சிப் பக்கம் சாய்ந்திருக்கும். எப்படி என்று பார்க்கச் சாத்தான்குளமே போதும்.

2020 ஜூன் 19. ஊரடங்கு நேரம் தாண்டிச் செல்போன் கடை திறந்திருந்ததாகச் சொல்லி ஜெயராஜையும் மகன் பென்னிக்ஸையும் சாத்தான்குளம் போலீஸ் பிடித்தது. 22ஆம் தேதி இரவு மகன் இறந்தார்; விடிவதற்குள் தகப்பனும். முதல் தகவல் அறிக்கையில் இருவரும் தரையில் உருண்டதால் உள்காயம் என்று எழுதியிருந்தார்கள். அடித்தவரே இல்லாத காயம்! பிறகு வெளிவந்த சிசிடிவி காட்சியில் யாரும் உருளவில்லை.

அன்றைய அதிமுக முதல்வர் பழனிசாமியின் அறிக்கை பென்னிக்ஸுக்கு மூச்சுத்திணறல், ஜெயராஜுக்கு உடல்நலக்குறைவு என்றது. சாகப்போகிறவருக்கு மூச்சு திணறாதா? ஆகவே சொல் பொய்யில்லை. அதற்கு முன் காவல் நிலையத்தில் கழிந்த இரவுதான் வாக்கியத்தில் இல்லை. அமைச்சர் கடம்பூர் ராஜு இது லாக்கப் மரணமே இல்லை என்றார். உயிர் போனது கோவில்பட்டி கிளைச் சிறைக்குப் போன பிறகுதானே, அந்தக் கணக்கில் அதுவும் 'சரி'.

தமிழ் இதற்கு ரொம்பவே வளைந்து கொடுக்கும். 'இறந்தார்' என்றால் செய்தவர் இல்லை. 'கொல்லப்பட்டார்' என்றால் செய்தவர் உண்டு, பெயர் இல்லை. 'அடித்தே கொன்றார்கள்' என்றால்தான் யார் என்ற கேள்வி எழும். எந்த வினை எந்தச் சேனலில் வரும் என்பதை அன்று கோட்டையில் யார் இருக்கிறார்கள் என்பதை வைத்தே சொல்லிவிடலாம். நியூஸ் ஜெ அதிமுக பக்கம், கலைஞர் டிவி திமுக பக்கம். இதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை.

எங்கள் சீமையில் பீடி சுற்றும் வீடுகளில் டிவி பாட்டுக்கு ஓடும். கை தட்டில், காது டிவியில். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளையும் பக்கத்திலேயே இருந்து வீட்டுப்பாடம் எழுதும். முழுச் செய்தியையும் யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை. காதில் விழுவது தலைப்பில் உள்ள அந்த ஒரு வினைதான்.

2025 ஜூனில் திருப்புவனத்தில் கோயில் காவலாளி அஜித்குமார் போலீஸ் விசாரணையில் இறந்தார். அப்போது ஆட்சி திமுக. 2020இல் மூச்சுத்திணறல் என்ற பழனிசாமி இம்முறை காவல் மரணம் என்று கண்டித்தார். காவல் துறையின் எழுத்து மட்டும் ஆட்சி மாறியும் மாறவில்லை: அங்கே உருண்டார்கள், இங்கே தப்பியோடும்போது விழுந்து வலிப்பு வந்தது.