மலைநாட்டு மாணவர்க்கு ஏற்ற கணினி

ஒரு செயலைத் தொடங்குமுன் எண்ணித் தெளிய வேண்டியவை பொருள், கருவி, காலம், வினை, இடம் என ஐந்தாம் என்று திருக்குறளின் வினைசெயல்வகை அதிகாரம் வகுக்கும். இவ்வைந்தும் நாடாளும் வேந்தர்க்கு மாத்திரம் உரியனவல்ல. பிள்ளையின் படிப்புக்கென ஒரு கணினி வாங்க முனையும் கொட்டகலைத் தோட்டத்துப் பெற்றோர்க்கும் இவையே தக்க அளவுகோல்களாகும். கடைக்குச் செல்வோர் பெரும்பாலும் இவ்வைந்தனுள் கருவி ஒன்றனையே நோக்குகின்றனர். விலைச்சீட்டிற் கண்ட எண்களை ஒப்பிட்டு ஒன்றைத் தெரிந்துகொண்டு மீள்கின்றனர். ஏனைய நான்கும் வீட்டுக்கு வந்தபின்னரே நினைவுக்கு வருகின்றன.

இன்று அவர்முன் உள்ள வழிகள் பெரும்பாலும் இரண்டு. மேசையில் நிலையாக இருக்கும் கணினி ஒன்றையும், அதனோடு கையிலேந்திப் படிக்கத்தக்க டெப் ஒன்றையும் வாங்குதல் ஒரு வழி. அவ்விரண்டின் தொழிலையும் ஒருங்கே செய்யவல்ல மடிக்கணினி ஒன்றை மாத்திரம் வாங்குதல் மற்றொரு வழி. நகரத்து வசதியுடையோர்க்கு இது விருப்பம் பற்றிய வினா. மலைநாட்டிலோ இஃது உழைப்பின் கணக்கு. 2024ஆம் ஆண்டு செப்டெம்பரில் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிருணயிக்கப்பட்டது. அவ்வீதத்தின்படி, ஓர் இலட்சம் ரூபா விலையுள்ள கருவி 74 நாள் உழைப்புக்குச் சமம். மாதந்தோறும் 25 நாள் வேலை கிடைப்பினும், வேறெதற்கும் ஒரு சதமும் செலவிடாத மூன்று மாதங்கள் அதற்கு வேண்டும். சம்பளம் உயருந்தோறும் இந்நாட்கணக்குக் குறையலாம். எனினும், தவறாகத் தெரிந்த கருவிக்குப் பதிலாக இன்னொன்று வாங்கும் வாய்ப்பு அத்தகைய குடும்பத்துக்கு எளிதில் வாய்ப்பதன்று.

இவ்விருவகைக் கருவிகளின் வரலாறும் சிறிது நோக்கத்தக்கது. 1972ஆம் ஆண்டில் அலன் கே என்னும் அமெரிக்க அறிஞர், சிறுவர் கையிற் சுமந்து செல்லத்தக்க, நூல்போன்ற கணினியொன்றைக் கற்பனை செய்து கட்டுரை வரைந்தார். அதற்கு அவர் இட்ட பெயர் டைனாபுக் என்பது. திரையும் சாவிப்பலகையும் ஒருங்கமைந்த அக்கருவியை உருவாக்கும் தொழினுட்பம் அந்நாளில் இருக்கவில்லை. 1981ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த ஒஸ்போர்ன் 1 என்னும் சுமக்கத்தக்க கணினி ஏறத்தாழ 11 கிலோகிராம் நிறையுடையது. பிற்காலத்தில் எடை குறைந்து மடிக்கணினி பரவிற்று. 2010ஆம் ஆண்டில் ஐபேட் வெளிவந்தபின்னர், சாவிப்பலகையற்ற தொடுதிரைக் கருவியும் மக்கள் வழக்கில் நிலைபெற்றது. இங்ஙனம், எழுதும் கருவியும் படிக்கும் கருவியும் ஒன்றாதல் வேண்டும் என்ற எண்ணமும், வெவ்வேறாயிருத்தல் நன்று என்ற எண்ணமும் தொடக்கந்தொட்டே அருகருகே வளர்ந்துவந்துள்ளன.

அரசுகளும் இவ்விரு வழிகளுக்கிடையே மாறிமாறிச் சென்றமை காணலாம். தமிழ்நாட்டரசு 2011ஆம் ஆண்டில் மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கிற்று. இலங்கையிலோ 2017ஆம் ஆண்டுக்கென முன்வைக்கப்பட்ட வரவு செலவுத் திட்டம் உயர்தர மாணவர்க்கு டெப் வழங்குவதனை முன்மொழிந்தது. 2025ஆம் ஆண்டு மார்ச்சில் தமிழ்நாட்டரசு வெளியிட்ட வரவு செலவுத் திட்டம், கல்லூரி மாணவர் 20 இலட்சம் பேருக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி வழங்கப்படும் என அறிவித்தது. இவற்றிலிருந்து பெறப்படுவது யாது? எல்லா மாணவர்க்கும் ஒருங்கே பொருந்தும் கருவி இதுவெனத் துணிந்து கூறல் அரிது என்பதே. ஆதலின், அவரவர் நிலைமையை வைத்தே இதனை ஆராய்தல் வேண்டும்.

முதற்கண் வினையை நோக்குக. மாணவர் கணினியாற் செய்யும் செயல்கள் இருதிறப்படும். ஒன்று கொள்ளுதல், மற்றையது ஆக்குதல். கல்வி அமைச்சின் இ-தக்சலாவ தளத்திற் பாடம் காண்டலும், கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்களைத் திரையிற் படித்தலும், ஆசிரியரின் நேரலை வகுப்பைக் கேட்டலும் கொள்ளுதலின் பாற்படும். கட்டுரை வரைதல், அட்டவணை அமைத்தல், செயற்றிட்ட அறிக்கை ஆக்குதல், நிரல் எழுதுதல் ஆகியன ஆக்குதலின் பாற்படும். கொள்ளுதற்கு டெப் நன்கு உதவும். ஆக்குதற்கோ அது போதாது. உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் கற்கும் மாணவர் பைதன் மொழியிலே நிரல் எழுதிப் பழகுதல் வேண்டும். திரையின் பாதியை மறைத்துத் தோன்றும் தொடுசாவிகளால் அதனைச் செய்தல் கையைக் கட்டிக்கொண்டு கொழுந்து பறிப்பது போலாகும்.

தமிழெழுத்துக்கும் இது பொருந்தும். யாழ்ப்பாணத்தவராகிய இரா. முத்தையா அவர்கள் தமிழுக்கு ஒரு தட்டச்சுப்பொறி அமைத்தமையால், பத்து விரலாலும் தமிழெழுதும் பழக்கம் வளர வழி பிறந்தது. அப்பொறியின் மரபில் வந்த சாவி அமைப்புகளே இலங்கை அலுவலகங்களில் நெடுங்காலம் வழங்கின. ஒரு பக்கத் தமிழ்க் கட்டுரையை ஒரு விரலாற் கண்ணாடித் திரையில் எழுதும் மாணவர் விரைவிற் சலிப்படைவார். சலிப்பினால் எழுதுவதனைச் சுருக்குவார். பின்னர் எழுதாது பிறர் எழுதியதைப் படிப்பதனோடு அமைவார். மலிவு கருதி டெப் ஒன்றனை மாத்திரம் வாங்கும் வீடுகளில் நேரும் இழப்பு இதுவேயாகும். ஆதலின், எவ்வழியைத் தெரியினும் மெய்யான சாவிப்பலகையுடைய கருவி ஒன்று அதனுள் அடங்குதல் இன்றியமையாதது.

இரண்டாவது, இடம். கொட்டகலை கடல்மட்டத்தினின்று ஏறத்தாழ 4,000 அடி உயரத்தில், அட்டனுக்கும் தலவாக்கலைக்கும் இடையே அமைந்தது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரையுள்ள மாதங்களில் மழையும் மூடுபனியும் நீங்குவது அரிது. ஈரம் எல்லாக் கருவிகட்கும் பகையே. ஆயினும் மேசைக் கணினியின் பெட்டி காற்றுப் புகுவதற்கெனத் திறப்புகளுடையது. அது பல நாள் இயங்காதிருப்பின் ஈரமும் தூசியும் உள்ளே படியும். அதனைத் தரையில் வையாமலும், ஈரச்சுவரை ஒட்டாமலும், நாடோறும் சிறிது நேரமேனும் இயக்கியும் காத்தல் வேண்டும். மடிக்கணினியையும் டெப்பையும் பையிலிட்டுப் பெட்டியுள் வைத்துவிடலாம்.

அன்றியும், பழைய லயன்களில் ஒரு காம்பரா பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி அளவினதே. உண்பதும் உறங்குவதும் விருந்தினரை ஏற்பதும் அதனுள்ளேயே நிகழும். அங்கே நிலையான மேசை ஒன்றுக்கு ஒரு மூலையை ஒதுக்குதல் சிறிய செயலன்று. ஆயினும், அம்மூலை ஒதுக்கப்பட்டுவிடின் அது வீட்டிலுள்ள பிள்ளைகள் அனைவர்க்கும் படிப்பிடமாகும் என்பதும் மறக்கத்தக்கதன்று. மற்றொன்றும் உண்டு. பெருமழைக் காலத்தில் மண்சரிவு அபாயம் அறிவிக்கப்படும்போது, மலைச்சரிவில் வாழும் குடும்பங்கள் சிறிது நேரத்துள் வீட்டைவிட்டுப் பாடசாலையிலோ கோவிலிலோ தங்க நேரிடுகின்றது. அவ்வேளையிற் கையோடு எடுத்துச் செல்லத்தக்கது மடிக்கணினியே. மேசைக் கணினி வைத்திருப்போர், எழுதியவற்றின் படியொன்றைச் சிறு நினைவகக் கோலிலாயினும் டெப்பிலாயினும் சேமித்து வைத்தல் கடன்.

மூன்றாவது, காலம். இதனுள் இரு பகுதிகள் உள. ஒன்று, மின்னோட்டம் நிற்கும் காலம். 2022ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நிலவிற்று. அந்நிலை நீங்கிற்றாயினும், 2025 பெப்ரவரி 9ஆந் தேதி நாடு முழுவதும் மின் தடைப்பட்டமை நினைவிலிருக்கும். காற்றுக் காலத்தில் மரம் முறிந்து மின்கம்பி அறுதல் மலைநாட்டுக்குப் புதிதன்று. மின் நின்றவுடன் மேசைக் கணினியும் நின்றுவிடும். சேமியாத எழுத்து அழிந்துபோம். யூ.பீ.எஸ். எனும் தடையில்லா மின்வழங்கி ஒன்று இருப்பின், எழுதியதைச் சேமித்துக் கணினியை முறையாக நிறுத்தச் சில நிமிடங்கள் கிடைக்கும். தொடர்ந்து வேலை செய்யக் கிடையா. நல்ல நிலையிலுள்ள மடிக்கணினி மூன்று நான்கு மணி நேரம் தன் மின்கலத்தால் இயங்கும். டெப் அதனினும் நீண்ட நேரம் இயங்கும்.

மற்றது, கருவி நிலைக்கும் காலம். மேசைக் கணினியின் உறுப்புகள் தனித்தனியே கழற்றி மாற்றத்தக்கவை. மின்வழங்கி பழுதாயின் அதனை மாற்றலாம். நினைவகம் போதாதாயின் கூட்டலாம். சாவிப்பலகை கெட்டால் வேறொன்றைச் சிறுவிலைக்குப் பெறலாம். இத்தகைய உறுப்புகள் பொதுவான அளவிலே செய்யப்படுதலின் அட்டனிலோ கண்டியிலோ தேடிப் பெறுதல் கூடும். மடிக்கணினியிலோ பல உறுப்புகள் அவ்வக் கம்பனியின் அமைப்புக்கே உரியன. அண்மைக்காலத்து மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் நினைவகம் தாய்ப்பலகையோடு ஒட்டவைக்கப்பட்டிருத்தலின் பின்னர் கூட்ட இயலாது. மின்கலமும் முந்நூறு முதல் ஐந்நூறு முறை முழுதாக மின்னேற்றியபின் குறிப்பிடத்தக்க அளவு வலிமை குன்றும். ஆதலின், மடிக்கணினி வாங்குவோர் நினைவகத்தைக் கூட்ட இயலுமா, மின்கலத்தை மாற்ற இயலுமா என்னும் இரு வினாக்களைக் கடையிலேயே கேட்டறிதல் வேண்டும்.

நான்காவது, பொருள். விலைச்சீட்டில் உள்ள தொகை மாத்திரம் பொருட்செலவு அன்று. மேசைக் கணினிக்குத் திரை, சாவிப்பலகை, சுட்டி, யூ.பீ.எஸ்., மேசை ஆகியவற்றின் விலையையும் கூட்டுதல் வேண்டும். மின்கட்டணமும் வேறுபடும். திரையோடு 100 உவாற்று கொள்ளும் மேசைக் கணினியை நாடொறும் நான்கு மணி நேரம் இயக்கின், 30 நாளில் 12 அலகு மின் செலவாகும். 40 உவாற்று கொள்ளும் மடிக்கணினிக்கு அதே நேரத்தில் ஐந்து அலகிற்குட்பட்டே செலவாகும். மறுபுறத்தில், அலுவலகங்கள் பயன்படுத்தி நீக்கிய மேசைக் கணினிகள் குறைந்த விலைக்குக் கிடைப்பதுண்டு. உறுப்புகளை மாற்ற இயலுமாதலின், பழைய மடிக்கணினியைக் காட்டிலும் அவற்றை நம்பி வாங்கலாம்.

இந்நான்கனையும் ஆராய்ந்தபின்னரே ஐந்தாவதாகிய கருவியைத் துணிதல் முறை. அதனைத் துணியுமிடத்து, இதுகாறும் கூறிய அனைத்தினும் மேலான ஒரு வினா எஞ்சி நிற்கின்றது. கருவி எத்துணைப் பேருக்கு உரியது என்பதே அவ்வினா. 2020ஆம் ஆண்டு மார்ச்சில் பெருந்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, ஒரே கைத்தொலைபேசிக்காக உடன்பிறந்தார் முறைவைத்துக் காத்திருந்த வீடுகள் தோட்டங்கள்தோறும் இருந்தன. ஒருவர் வகுப்பைக் கேட்டால் மற்றவர் அதனை இழந்தார். மடிக்கணினி ஒன்றே உள்ள வீட்டிலும் இந்நிலையே நேரும். மேசைக் கணினியும் டெப்பும் உள்ள வீட்டில், தமக்கை கட்டுரை எழுத, தம்பி பாடம் கேட்கலாம். ஒன்று பழுதாயினும் மற்றொன்று எஞ்சும்.

இதனினும் கருதத்தக்கது வேறொன்றுண்டு. மூத்த பிள்ளை பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கோ, பத்தனையிலுள்ள ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி விடுதிக்கோ செல்லும் நாளில் மடிக்கணினியும் உடன் செல்லும். செல்லுதலே முறையுமாம். ஆயின், வீட்டிலுள்ள இளையோர் மீண்டும் கைத்தொலைபேசிக்கே திரும்புவர். குடும்பம் முழுவதும் சிறுகச் சிறுகச் சேர்த்த பொருளால் வாங்கியது ஒருவருக்கே உரியதாகிவிடும். மேசைக் கணினி வீட்டைவிட்டு நீங்குவதில்லை. அஃது இளையோர்க்கும் அவர்க்குப் பின்வருவோர்க்கும் உரியது.

எனவே, முடிபு இருவகைப்படும். வீட்டில் ஒரே மாணவர் இருப்பின், அல்லது மூத்தவர் ஓரிரு ஆண்டில் விடுதிக்குச் செல்ல, இளையோர் கணினி வேண்டாத சிறு வகுப்பினராய் இருப்பின், மடிக்கணினியே தக்கது. வீட்டில் பிற்காலத்தில் வேறு திரையும் சாவிப்பலகையும் பெற்று அதனோடு இணைத்துக்கொள்ளின், மேசைக் கணினியின் வசதியும் ஒருவாறு கிட்டும். ஆறாம் வகுப்புக்கு மேற்பட்ட பிள்ளைகள் இருவர் மூவர் ஒருங்கே கற்கும் வீட்டில், காம்பராவில் ஒரு மூலையும் பாதுகாப்பான மின்னிணைப்பும் இருக்குமாயின், மேசைக் கணினியும் டெப்புமே தக்கன. இரண்டனையும் ஒரே நாளில் வாங்கப் பொருள் போதாதாயின், முதலில் மேசைக் கணினியை வாங்குக. படித்தலைக் கைத்தொலைபேசியாலும் ஓரளவு நடத்தலாம்; எழுதுதலை அதனால் நடத்தல் அரிது.

ஒரு மலைநாட்டு வீட்டில் முதன்முதல் நுழையும் கணினி அவ்வீட்டின் முதல் நூலகமும் முதல் எழுதுமேசையுமாம். அதனை வாங்குமுன் ஒருநாள் மாலை வீட்டார் அனைவரும் கூடி, யார் எழுதுவர், யார் படிப்பர், யார் வெளியூர் செல்வர், யார் வீட்டிலிருப்பர் என்பவற்றை எண்ணிக் கணக்கிடுவாராயின், கடைக்காரரின் சொல்வன்மை அவரை மயக்கமாட்டாது. வீட்டின் கடைக்குட்டியும் அக்கணக்கில் ஒருவராக எண்ணப்படுதல் வேண்டும்.